கடைசிப் பத்துக் கிலோமீட்டர்

கேரட்டை நெடுக்கில் கீறி
பிளவில் உமரி இலையைச் செருகி
சவர பிளேடால் சீவுகிறேன்.
முப்பது சீவலுக்கு ஒன்று தேறும்.
மற்றதெல்லாம் தடிமன்,
வெளிச்சம் புகாத பிடிவாதம்.

காரைக்குடியில் மே மாதம்.
ஏசி ஒரே அறைக்குத்தான், அதுவும் கணினிகளுக்காக.
ஆகவே வயிரவனின் கடலும் என் இலையும்
ஒரே மேஜையில்.

அவன் கடலைத் தொட்டதில்லை.
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் மேலிருந்து
ஒரு கருவி கீழே தட்டுகிறது,
தண்ணீர் திருப்பித் தட்டுகிறது,
இடையில் போன நேரத்தை
இவன் உயரமாக மாற்றுகிறான்.
உலகம் முழுக்கக் கூட்டி வகுத்தால்
வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர் சொச்சம் என்பான்,
வட்டி சொல்கிற குரலில்.
"எங்க ஆட்கள் கடல் பொங்குதுன்னு
பூம்புகாரை விட்டு இவ்வளவு தூரம் வந்தாங்களாம்.
நான் மட்டும் திரும்பிப் பாக்குறேன், சம்பளத்துக்கு."

சஃப்ரனின் ஒரு சொட்டு.
சுவர்கள் சிவக்கின்றன.
ஒவ்வொரு செல்லையும் கிட்டத்தட்ட முழுதாக
அடைத்துக்கொண்டு வாக்குவோல்.
வெற்றிடம் என்று பொருள்வரப் பெயர் வைத்தவர்
இந்த இலையை நாக்கில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்.
உப்பு.
வெளியே தள்ள வழியில்லாத செடி
உள்ளுக்குள் ஒரு குளம் வெட்டி
அதில் பூட்டி வைக்கிறது.
குளம் பெருத்தால் இலை தடிக்கும்.

மூன்று வருடமாக இதைத்தான் அளக்கிறேன்.
தொண்டிக்குத் தெற்கே கயிறு கட்டிய நான்கு கட்டங்கள்.
கரையிலிருந்து ரொம்பத் தள்ளியிருக்கும் நான்காவதில்
செல்லின் அகலம் ஆறு மைக்ரான் கூடியிருக்கிறது.
மழை குறைந்ததால் இருக்கலாம்.
இறால் பண்ணை வாய்க்காலால் இருக்கலாம்.
கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர் இரண்டையும் கேட்டிருந்தார்.
நியாயமான கேள்விகள்.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

"நாலாம் கட்டத்துக்கு நேரா
உன் வானம் என்ன சொல்லுது?" என்றேன்.
வயிரவன் அட்டவணையை ஓட்டினான்.
கரை நெருங்க நெருங்க
எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் ஒரே குறி:
கழிக்கவும்.
"கரை வந்தா எதிரொலி கலங்கிடும்.
மண்ணு, மரம், படகு, எல்லாம் சேந்து திருப்பித் தட்டும்.
கடைசிப் பத்துக் கிலோமீட்டரை நம்ப முடியாது.
தூக்கிடுவோம்."

நடுக்கடலில் விரற்கடை தெரிகிற கண்ணுக்கு
கடல் ஊருக்குள் நுழைகிற வாசல் தெரியாது.

அடுத்த சுற்று வியாழன் காலை ஆறே முக்கால்.
முந்தைய நாளே தேவகோட்டை வழியாக பஸ் பிடித்து
விடியலில் கணுக்கால் சேற்றில் நின்றேன்.
எதுவும் தெரியாதென்று தெரியும்.
அண்ணாந்துதான் பார்த்தேன்.

வலை உதறிக்கொண்டிருந்த நூருல் அமீன்
"பிறையா தேடுறீங்க?" என்றார்.
சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.
"தோணி கட்டுற முளைய
ரெண்டு தரம் மேட்டுக்கு மாத்தி அடிச்சாச்சு.
அத எழுதிக்கிட்டீங்களா?"

எழுதியிருக்கவில்லை.
தேதி கேட்டேன்.
"மூத்தவ நிக்காஹ் சமயம் ஒண்ணு.
கஜா புயலுக்கு அப்பறம் ஒண்ணு."
குறிப்பேட்டில் இரண்டையும் எழுதினேன்.
ஆய்வேட்டில் புயல் நிற்கும்.
நிக்காஹ் நிற்காது.

வியாழனின் வரி வந்து சேர்ந்தது.
பக்கத்தில் அதே குறி.
"இந்தக் கலங்கல்ல நீங்களும் இருக்கீங்க" என்றான்,
சேற்றையும் கண்டலையும் தோணியையும் விட்டுவிட்டு.
ஒரு ஆள் அதில் எவ்வளவு?
சுழியத்துக்குப் பின்னால் எத்தனை சுழியமோ.
அந்த வரியை அவன் இன்னும் கழிக்கவில்லை.
கழிக்கத்தான் வேண்டும், நானே சொன்னேன்.

பிளேடைத் துடைத்து வைத்தேன்.
மின்சாரம் போயிருந்தது, கணினி அறைக்கும் சேர்த்து.
இருட்டில் கைநீட்டி
சீவி மிஞ்சிய கேரட்டை எடுத்துக் கடித்தவன்
சற்று நேரம் மென்றான்.
"கரிக்குது" என்றான்.